கூலிக்கு வாக்காளர் பதிவு: எதிர்க்கட்சி செய்தால் சதி, நம் கட்சி செய்தால் ஒப்பந்தக்காரரின் தவறா?

#1 வைகைக்கரையான்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் லான்காஸ்டர் கவுண்டியில் (மாவட்டத்தில்) 2024 தேர்தலுக்குச் சில நாள்களுக்கு முன் ஏறத்தாழ 2,500 வாக்காளர் பதிவுப் படிவங்கள் சந்தேகத்தின்பேரில் தனியே எடுத்து வைக்கப்பட்டபோது, இதே களத்தில் மூன்று இழைகள் ஓடின. நானும் அவற்றில் எழுதினேன். அந்தப் படிவங்கள் தொடர்பாக மாநிலத் தலைமை அரசு வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் 2025 அக்டோபரில் வழக்குத் தொடுத்தார். அதைப் பற்றி இங்கே யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. இந்த இழையைத் தொடங்குவதற்கு அந்த மௌனமே காரணம்.

அமெரிக்காவில் கட்சிகளும் அமைப்புகளும் கூலிக்கு ஆள் வைத்துத் தெருவில் வாக்காளர் பதிவுப் படிவங்களைத் திரட்டுவது வழக்கம். நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவுக்கான கடைசி நாளை ஒட்டிக் கட்டுக்கட்டாக வந்த படிவங்களில் ஒரே கையெழுத்து திரும்பத் திரும்ப வருவதையும், முகவரிகளும் அடையாள விவரங்களும் பொருந்தாததையும் கவுண்டித் தேர்தல் அலுவலக ஊழியர்களே கண்டுபிடித்தனர். ஒரு பெயர்கூடச் சோதனையின்றிப் பட்டியலில் ஏறுவதற்கு முன் பிடித்தார்கள் என்பதால், சோதனை முறை செய்ய வேண்டியதைச் செய்தது என்றுதான் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஆனால் ஆலன்டவுன் கூட்டத்தில் பேசிய டிரம்ப், அவற்றைப் பதிவுப் படிவங்கள் என்று சொல்லாமல் போடப்பட்ட வாக்குகளைப் போலவே பேசினார். ஓராண்டு கழித்து வந்த வழக்கில், தெருவில் நின்று படிவம் சேகரித்த ஆறு கூலிப் பணியாளர்களும் அவர்களை மேற்பார்வையிட்ட ஒருவரும் குற்றஞ்சாட்டப்பட்டனர். அட்டர்னி ஜெனரல் டேவ் சண்டே குடியரசுக் கட்சிக்காரர். அவரே, பணமும் வேலையைக் காப்பாற்றிக்கொள்வதும்தான் அவர்களுடைய நோக்கம், தேர்தல் முடிவை மாற்றுவதற்கான முயற்சியாக இது தெரியவில்லை என்று கூறினார்.

இதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன் இண்டியானாவில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். ஜனநாயகக் கட்சிச் சார்புள்ள ஓர் அமைப்பு நடத்திய பதிவு இயக்கத்தின் அலுவலகத்தில் 2016 அக்டோபரில் மாநிலக் காவல்துறை சோதனை நடத்தியது. அப்போது மைக் பென்ஸ் அம்மாநில ஆளுநராகவும் குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராகவும் இருந்ததால், கறுப்பின வாக்காளர்களை அச்சுறுத்தும் சூழ்ச்சி என்று ஜனநாயகக் கட்சியை ஆதரிக்கும் எங்கள் தரப்பு கொதித்தது. 2017 ஜூனில் பன்னிரண்டு பேர் மீது வழக்குப் பதிந்தவர் மேரியன் கவுண்டி அரசு வழக்கறிஞர் டெரி கர்ரி. அவர் ஜனநாயகக் கட்சிக்காரர். ஒரு முறை வேலைக்குப் போனால் பத்துப் படிவமாவது கொண்டுவர வேண்டும் என்ற இலக்கே போலிப் படிவங்களுக்கு வித்திட்டது என்பதுதான் அந்த வழக்கின் சாரம்.

ஆக, ஒரே வகைத் தவறை ஒரு முறை குடியரசுக் கட்சி வழக்கறிஞரும் ஒரு முறை ஜனநாயகக் கட்சி வழக்கறிஞரும் ஆராய்ந்து ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். பணியாளர் முதலாளியை ஏமாற்றியிருக்கிறார். முதலாளி வைத்த இலக்கு அவரை அதற்குத் தள்ளியிருக்கிறது. நம் விவாதங்களில் மட்டும் இந்த ஒரே செயலுக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன. எதிர்த்தரப்புக்காக வேலை செய்தவர் எழுதிய போலிப் பெயர் தேர்தல் திருட்டு. நம் தரப்புக்காக வேலை செய்தவர் எழுதியது ஒப்பந்தக்காரரின் ஒழுங்கீனம். இது சரிதானா என்பதே என் கேள்வி.

#2 கொற்றவன்

வைகைக்கரையான் அவர்களே, இழையின் தலைப்பே எங்கள் குடியரசுக் கட்சியை நோக்கிச் சுட்டுவதாகத் தோன்றினாலும், உள்ளே இண்டியானாவையும் எழுதியதற்கு நன்றி. இருப்பினும் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிட முடியாது என்பது என் கருத்து.

ஏழைகளிடையே வேலை செய்து வாக்காளர் பதிவும் நடத்திய ஏகார்ன் (ACORN) அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1970இல் ஆர்கன்சாவில் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு, 2008இல் 13 லட்சம் பேரைப் பதிவு செய்ததாக அறிவித்தது. செய்தியாளர்கள் துருவியபோது, அவற்றில் உண்மையான புதிய வாக்காளர்கள் ஏறத்தாழ 4.5 லட்சம் மட்டுமே என்றும், ஏறத்தாழ 4 லட்சம் படிவங்களைத் தேர்தல் அலுவலகங்கள் தள்ளுபடி செய்துவிட்டன என்றும் தெரியவந்தது. எஞ்சியவற்றுள் பெரும்பகுதி முகவரி மாற்றங்கள். லாஸ் வேகாஸ் படிவங்களில் டல்லாஸ் கௌபாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் வீரர்களுடைய பெயர்கள் இருந்தன. ஃபுளோரிடாவில் மிக்கி மவுசின் பெயரில் ஒரு படிவம் வந்தது. வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டியில் 2007இல் ஏழு பணியாளர்கள் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அங்கே 1,700க்கும் மேற்பட்ட பெயர்கள் போலியானவை. நெவாடாவில் அந்த அமைப்பே 2011இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 5,000 டாலர் அபராதம் பெற்றது.

இத்தனையும் தற்செயலா? ஒரு கடையில் ஒரு நாள் கல்லாவில் குறைந்தால் ஊழியரைக் கேட்கலாம். எல்லாக் கிளைகளிலும் எல்லா ஆண்டும் குறைந்தால் கடைக்காரரைத்தான் கேட்க வேண்டும். இதற்கு மாறாக, 2012இல் பாம் பீச் கவுண்டியில் எங்கள் கட்சியின் ஒப்பந்தக்காரர் கொடுத்த 106 படிவங்கள் ஐயத்துக்குரியவை என்று தெரிந்ததும், குடியரசுக் கட்சியின் தேசியக் குழு அந்த நிறுவனத்துடனான உறவை உடனே முறித்துக்கொண்டது. இரண்டு நடத்தைகளுக்கும் வேறுபாடு இல்லையா?

#3 அறந்தாங்கியான்

கொற்றவன் ஐயாவின் தரவுகளில் பிழையில்லை. அவற்றிலிருந்து அவர் எடுக்கும் முடிவைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

முதலில், 4 லட்சம் படிவங்கள் தள்ளுபடியானதைப் பற்றி. தள்ளுபடியானவை அனைத்தும் போலிகள் அல்ல. ஏற்கெனவே பதிந்திருப்பதை மறந்து மறுபடியும் படிவம் கொடுத்தவர்கள், பிறந்த தேதியையோ கையொப்பத்தையோ விட்டவர்கள் ஆகியோரும் அதற்குள் அடக்கம். போலிகள் அதில் ஒரு பகுதி. இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். வாக்காளரிடமிருந்து வாங்கிய படிவத்தைச் சேகரித்த அமைப்பு தானே கழித்துக்கட்டக் கூடாது என்பது பல மாநிலங்களின் விதி. காரணம் எளிது: "இது போலியாகத் தெரிகிறது" என்று சொல்லிப் பிடிக்காத கட்சிக்காரரின் படிவத்தைக் குப்பையில் போட அந்த உரிமையே வழி செய்துவிடும். ஆகவே மிக்கி மவுசையும் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் வேண்டும். சந்தேகத்துக்குரியது என்று குறிப்பு வைத்துக் கொடுக்கலாம். ஏகார்ன் பல இடங்களில் அப்படிக் குறிப்பு வைத்தே கொடுத்தது. அந்தக் குறிப்போடு போன படிவங்களே பின்னர் அதன் சதிக்குச் சான்றாகத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டன. நான் அந்த அமைப்பின் அபிமானி அல்லேன்; அதன் நிர்வாகம் வேறு பல வகைகளில் சீர்கெட்டிருந்தது. ஆனால் இந்த ஒரு குற்றச்சாட்டில் அது சட்டத்தைப் பின்பற்றியதற்காகவே அடி வாங்கியது.

நெவாடா வழக்கையும் சற்று விளக்க வேண்டும். அங்கே ஏகார்ன் ஒப்புக்கொண்ட குற்றம், படிவ எண்ணிக்கையை வைத்துக் கூலி கொடுத்தது. ஒரு நாளில் 21 படிவமோ அதற்கு மேலோ கொண்டுவந்தால் ஐந்து டாலர் கூடுதல் என்று ஒரு திட்டம் இருந்தது. சூதாட்ட நகரத்துக்கேற்ப அதற்குச் சீட்டாட்டத்தின் பெயரையே வைத்திருந்தார்கள். மணிக்கூலி கொடுக்கலாம், படிவக்கூலி கொடுக்கக் கூடாது என்பது அம்மாநிலச் சட்டம். சரியான தண்டனைதான். ஆனால் தண்டனை அதற்காக மட்டுமே. 2008 அக்டோபர் 15 அன்று நடந்த மூன்றாவது அதிபர் தேர்தல் விவாதத்தில் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்ன், இந்த நாட்டின் வாக்களிப்பு வரலாற்றிலேயே மிகப் பெரிய மோசடிகளுள் ஒன்றை ஏகார்ன் நிகழ்த்தும் தறுவாயில் இருக்கலாம் என்றார். ஓராண்டு கழித்துப் பப்ளிக் பாலிசி போலிங் என்ற நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், குடியரசுக் கட்சியினரில் 52 விழுக்காட்டினர் ஏகார்ன் ஒபாமாவுக்காகத் தேர்தலைத் திருடியது என்று சொன்னார்கள். ஒபாமா வென்ற வாக்கு வேறுபாடு 95 லட்சம். ஐந்து டாலர் ஊக்கத்தொகையிலிருந்து அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதுதான் இந்த இழையின் கேள்வி என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இனி அந்த "உடனே முறித்துக்கொண்ட" ஒப்பந்தக்காரர். ஸ்ட்ராட்டஜிக் அலைட் கன்சல்டிங் என்ற அந்த நிறுவனத்தை நடத்தியவர் நேதன் ஸ்ப்ரௌல். 2004இல் அவருடைய பழைய நிறுவனத்தின் மீது நெவாடாவிலும் ஒரிகனிலும், ஜனநாயகக் கட்சியினரின் படிவங்களைக் கிழித்துப்போட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணை நடந்தது, வழக்கு எதுவும் தொடுக்கப்படவில்லை; அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 2012இல் தன் பெயர் தெரியாதபடி புதிய நிறுவனத்தைத் தொடங்கும்படி தேசியக் குழுவே கேட்டுக்கொண்டது என்று அவரே செய்தியாளர்களிடம் சொன்னார். ஃபுளோரிடா, வர்ஜீனியா, வட கரோலினா, கொலராடோ, நெவாடா ஆகிய, இரு கட்சிகளுக்கும் கடும் போட்டியுள்ள ஐந்து மாநிலங்களில் அந்த நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்ட தொகை ஏறக்குறைய 30 லட்சம் டாலர். பெயரை மறைத்து அமர்த்திக்கொண்டு, பெயர் வெளியே வந்ததும் முறித்துக்கொள்வதை நீங்கள் விரைவு என்கிறீர்கள்.

#4 செங்காந்தள்

இந்தக் களத்தில் நான் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் இந்த வேலையை ஒரு கோடை முழுவதும் செய்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. எந்த நிறுவனம், எந்தத் தரப்பு என்று கேட்காதீர்கள். அதைச் சொன்னால் நான் எழுதுவதை எந்த அகராதியை வைத்துப் படிப்பது என்று நீங்கள் முடிவுசெய்துவிடுவீர்கள்.

காலையில் வேன் வந்து எங்களைக் கடைவீதிகளில் இறக்கிவிடும். கையில் கிளிப்போர்டு, இரண்டு பேனா, ஒரு கட்டுப் படிவம். பல்பொருள் அங்காடியின் வாசலில் நின்றால் மேலாளர் வந்து விரட்டுவார். பேருந்து நிறுத்தத்தில் நின்றால் வருபவர்களில் பாதிப் பேர் முந்தின நாளே நமக்குப் படிவம் கொடுத்தவர்களாக இருப்பார்கள். முதல் இரண்டு வாரம் எளிது. மூன்றாவது வாரம் அந்த வட்டாரத்தில் பதிவாகாதவர்களைத் தேடிப் பிடிப்பது வயலில் அறுத்த பிறகு கதிர் பொறுக்குவதைப் போன்றது. இலக்கு மட்டும் முதல் வாரத்து இலக்காகவே இருக்கும். "இலக்கு" என்ற சொல்லை அவர்கள் எழுத்தில் பயன்படுத்தவே மாட்டார்கள், "எதிர்பார்ப்பு" என்பார்கள். எதிர்பார்ப்பை மூன்று நாள் நிறைவேற்றாதவர் நான்காம் நாள் வேனில் இருக்க மாட்டார்.

என்னுடன் வேலை செய்த ஒருவர், வீடில்லாதவர்கள் தங்கும் விடுதியிலிருந்து வந்தவர், மதிய உணவு நேரத்தில் பூங்கா இருக்கையில் அமர்ந்து தொலைபேசி எண் புத்தகத்தைப் பார்த்து நான்கு படிவங்கள் நிரப்பியதை நான் கண்டேன். நான் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்கு எந்தக் கட்சி வென்றாலும் ஒன்றுதான். அந்த நான்கு பெயர்களும் வாக்களிக்க வரும் என்று அவர் ஒரு கணமும் எண்ணியிருக்க மாட்டார். அவற்றின் ஒரே பயன் அன்று மாலை மேற்பார்வையாளர் எண்ணிப் பார்க்கும்போது எண்ணிக்கை சரியாக இருப்பது. மாலையில் சரிபார்ப்பவர்கள் சில எண்களை அழைத்துப் பார்ப்பார்கள். யாரும் எடுக்காவிட்டால் "தொடர்புகொள்ள இயலவில்லை" என்று எழுதிக் கட்டில் சேர்த்துவிடுவார்கள். எங்களுக்குப் பணம் கொடுத்த அமைப்பும் மேலே நன்கொடையாளருக்கு எண்ணிக்கை காட்ட வேண்டியிருந்தது. அந்த நன்கொடையாளருக்குப் போன அறிக்கையில் அந்த நான்கு பெயர்களும் நான்கு புதிய குடிமக்களாக இருந்திருக்கும்.

போலிப் படிவத்தைவிட என்னை உறுத்தியது வேறொன்று. படிவத்தை நீட்டுவதற்கு முன் "யாருக்கு வாக்களிக்க எண்ணுகிறீர்கள்?" என்று கேட்கும்படி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். விடை பிடிக்காவிட்டால், பேனா தீர்ந்துவிட்டது என்பதுபோல் நகர்ந்துவிட வேண்டும். 2012இல் கொலராடோவில் அங்காடி வாசலில் நின்ற ஓர் இளம்பெண் இப்படிக் கேட்டு மாட்டிக்கொண்ட காணொளியைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவரைப் பார்த்துச் சிரித்தவர்களில் எத்தனை பேர், தங்கள் தரப்பில் "மக்கள்தொகைப் பிரிவு வாரியாக இலக்கு நிர்ணயித்தல்" என்ற பெயரில் அதே வேலை நாகரிகமாக நடப்பதைக் கேட்டார்கள்?

#5 கொற்றவன்

அம்மா, உங்கள் பதிவு பயனுள்ளது. ஆனால் இந்தப் பரிவு ஏகார்ன் ஊழியர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் பொங்குவதைத்தான் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஸ்ப்ரௌலின் நிறுவனத்திலும் மணிக்கூலிக்கு நின்றவர்கள் அதே வகை ஏழைகள்தாம். அவர்களைப் பற்றி எழுதும்போது "கூலிப்படை" என்ற சொல் இந்தக் களத்தில் எத்தனை முறை வந்தது என்று தேடிப் பாருங்கள்.

#6 செங்காந்தள்

தேடத் தேவையில்லை, ஐயா. வந்ததை நானே படித்திருக்கிறேன்.

#7 நிலாமுற்றம்

புதியவன், தவறாக எண்ண வேண்டாம். நம் ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஆறாம் எண் படிவம் கொடுத்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கு வந்து பார்க்கிறார். அமெரிக்காவில் அரசு செய்ய வேண்டிய இந்த வேலைக்குத் தனியார் ஏன் கூலி கொடுத்து ஆள் வைக்கிறார்கள்? இதைவிட நேரடியாக வாக்குக்குப் பணம் கொடுக்கும் நம் திருமங்கலம்

#8 மட்டுறுத்துநர்

முந்தைய பதிவின் பிற்பகுதி நீக்கப்பட்டது. தமிழ்நாட்டு இடைத்தேர்தல்களுக்குத் தனி இழை இருக்கிறது. அது நானூறு பக்கங்களைத் தாண்டி இன்னமும் ஓடுகிறது. முதற்கேள்வி பொருத்தமானது என்பதால் விடப்படுகிறது.

#9 அறந்தாங்கியான்

நிலாமுற்றத்தின் கேள்வி அடிப்படையானது. அமெரிக்காவில் பதிவு செய்துகொள்ளும் பொறுப்பு குடிமகனுடையது. வீடு மாறினால் மறுபடியும் அவரே செய்ய வேண்டும். ஆகவே வாடகை வீடுகளில் அடிக்கடி இடம் மாறுகிறவர்களும் இளைஞர்களும் ஏழைகளும் பட்டியலிலிருந்து நழுவுகிறார்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஓட்டுநர் உரிம அலுவலகங்களிலேயே பதியும் வசதியைக் கொண்டுவந்தது. ஆனால் கார் இல்லாதவர் அந்த அலுவலகத்துக்கு எதற்குப் போகப் போகிறார்? அந்த இடைவெளியில்தான் கிளிப்போர்டுத் தொழில் முளைத்தது. வட டகோட்டாவில் வாக்காளர் பதிவே கிடையாது. ஒரிகனில் 2016 முதல் ஓட்டுநர் உரிமம் பெறுகிறவர்கள் தாமாகவே பதிவாகிறார்கள். அத்தகைய இடங்களில் இந்தத் தொழிலுக்கு வேலை குறைவு. கூலிப் பதிவைக் கடுமையாகச் சாடுகிறவர்கள் தானியங்கிப் பதிவை ஆதரிப்பார்கள் என்று எதிர்பார்ப்பீர்கள்; பெரும்பாலும் அவர்களே அதையும் எதிர்க்கிறார்கள். என் பார்வையில் இதுவே இந்த விவகாரத்தின் ஆகப் பெரிய முரண். எதிர்த்தரப்பார் அதற்குச் சொல்லும் காரணம், குடியுரிமை இல்லாதவர்கள் தவறுதலாகப் பதிவாகிவிடுவார்கள் என்பது. 2024இல் ஒரிகனிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் குடியுரிமைச் சான்று காட்டாமலே பதிவானது வெளிவந்ததால் அதை முற்றிலும் ஒதுக்கிவிடவும் முடியாது.

#10 வைகைக்கரையான்

கொற்றவன் அவர்களின் "கடைக்காரரைக் கேட்க வேண்டும்" என்ற வாதத்துக்குத் திரும்புகிறேன். அதை நான் ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டே மிச்சிகனுக்கு வாருங்கள்.

2022இல் அங்கே ஆளுநர் பதவிக்குப் போட்டியிட விரும்பிய குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் ஐந்து பேர் முதற்சுற்றுத் தேர்தலின் வாக்குச்சீட்டிலேயே இடம்பெறவில்லை. வேட்புமனுவுக்குத் தேவையான கையொப்பங்களைக் கூலிக்குத் திரட்டியவர்கள் தாங்களே உட்கார்ந்து போட்டுவிட்டார்கள். 36 பேர் சேர்ந்து குறைந்தது 68,000 செல்லாத கையொப்பங்களைக் கொடுத்திருக்கிறார்கள் என்று மாநிலத் தேர்தல் துறை கண்டது. முன்னணியில் இருந்த டெட்ராய்ட் நகரின் முன்னாள் காவல்துறைத் தலைவர் ஜேம்ஸ் கிரெய்க்கும், தொழிலதிபர் பெரி ஜான்சனும் வெளியேற்றப்பட்டவர்களில் அடங்குவர். அவர்கள் தரப்பு வாதம் என்ன? நாங்கள் ஒப்பந்தக்காரர்களால் ஏமாற்றப்பட்டோம், நாங்களே பாதிக்கப்பட்டவர்கள் என்பது.

அந்த வாதம் பொய்யன்று. கையொப்பத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால் இப்படித்தான் நடக்கும் என்பது உலகறிந்தது. 1988இல் உச்ச நீதிமன்றம், மனுக்களுக்குக் கையொப்பம் திரட்டக் கூலி கொடுப்பதைத் தடைசெய்த கொலராடோச் சட்டத்தைப் பேச்சுரிமையின் பெயரால் செல்லாததாக்கியது முதல் அது பெரும் தொழில். ஆனால் 2008இல் ஏகார்ன் சொன்னதும் எழுத்துக்கு எழுத்து அதே வாதம்தான். எங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு எங்களை ஏமாற்றினார்கள், பாதிக்கப்பட்டவர்கள் நாங்களே என்று அதன் தலைவர்கள் கூவினார்கள். அன்று அது நகைப்புக்குரிய சாக்காக இருந்தது. பதினான்கு ஆண்டு கழித்து அது கண்ணீர் மல்கும் நியாயமாக மாறியது. நேர்மையாகச் சொன்னால், மிச்சிகன் செய்தி வந்த அன்று எங்கள் பக்கத்தில் நடந்த கொண்டாட்டத்திலும் 2008இன் சாயல் இருந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம் என்ற பழமொழி இங்கே பொருந்தும் என்று நினைத்தேன். ஆனால் இந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் தேர்தலுக்குத் தேர்தல் இடம் மாறிக்கொள்கிறார்கள்.

#11 செங்காந்தள்

இன்னோர் எல்லைக்கோட்டைப் பற்றியும் இங்கே பேச வேண்டும். இதுவரை நாம் பேசியது படிவம் வாங்குகிறவருக்குக் கொடுக்கும் கூலி. பதிந்துகொள்கிற வாக்காளருக்கே பணம் கொடுப்பது வேறு. 2024 அக்டோபரில் ஈலான் மஸ்க் டிரம்புக்காக நடத்திய அமெரிக்கா பேக் என்ற தேர்தல் நிதிக் குழு, அரசியலமைப்பின் முதல், இரண்டாம் திருத்தங்களை ஆதரிக்கும் மனுவில் போட்டி மாநிலத்து வாக்காளர் ஒருவரைக் கையொப்பமிடச் செய்தால் 47 டாலர் என்றது. பென்சில்வேனியாவில் அது 100 டாலரானது. பிறகு கையொப்பமிட்டவர்களில் நாளுக்கு ஒருவருக்கு 10 லட்சம் டாலர். கையொப்பமிடுபவர் பதிவுபெற்ற வாக்காளராக இருக்க வேண்டும் என்பது விதி. ஏகார்னின் ஐந்து டாலரில் குடியரசின் அழிவைக் கண்டவர்களில் ஒருவர்கூட இதில் எதையும் காணவில்லை.

#12 அறந்தாங்கியான்

சட்டம் அறிந்தவரை விளக்குகிறேன். வாக்களிப்பதற்கோ வாக்காளராகப் பதிவதற்கோ பணம் கொடுப்பதும் வாங்குவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். பத்தாயிரம் டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் கிடைக்கலாம். பணியாளருக்கு மணிக்கூலி கொடுப்பதை இந்தச் சட்டம் தொடுவதில்லை. மஸ்க் தரப்பின் பதில், பணம் மனுவில் கையொப்பமிடுவதற்கே தவிரப் பதிவதற்கு அன்று என்பது. பதிவுக்கான கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு, பதிந்தவர் மட்டுமே தகுதியுடையவர் என்ற நிபந்தனையோடு பரிசை அறிவித்தால் அந்த வேறுபாடு மெல்லியதாகிறது. கூட்டாட்சி அரசின் நீதித் துறையும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பிலடெல்பியா அரசு வழக்கறிஞர் லாரி கிராஸ்னர் தொடுத்த வழக்கு குலுக்கல் சட்டத்தின் கீழானது. அதில் மஸ்கின் வழக்கறிஞர்களே, பரிசு பெறுபவர்கள் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்படவில்லை, முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்ட விளம்பர முகங்கள் என்று கூறினர். தேர்தலுக்கு முந்திய நாள் நீதிபதி தடைவிதிக்க மறுத்தார். கையொப்பமிட்டுக் காத்திருந்த பத்து லட்சம் பேர் அன்று என்ன நினைத்தார்களோ.

#13 கொற்றவன்

மஸ்கின் திட்டம் எனக்கும் பிடிக்கவில்லை. அதை அப்போதே எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அதே மாதம் கார்ட்ஸ் அகைன்ஸ்ட் ஹியூமானிட்டி என்ற சீட்டு விளையாட்டு நிறுவனம், 2020இல் வாக்களிக்காதவர்களுக்கு, அதிலும் ஜனநாயகக் கட்சிச் சாய்வுள்ளவர்களாகப் பார்த்து, மன்னிப்புக் கேட்டு இம்முறை வாக்களிக்கும் திட்டத்தை எழுதி டிரம்பைத் திட்டி ஒரு வரி வெளியிட்டால் 100 டாலர் வரை தருவதாக அறிவித்தது. அதைப் பற்றி இந்தக் களத்தில் வந்த இழைக்குப் பெயர் "சிரிக்கலாம் வாங்க". மஸ்க் கொடுத்தால் ஊழல், நகைச்சுவையாளர் கொடுத்தால் நையாண்டி. டெக்சாசில் பெக்சார் கவுண்டி, பதியாதவர்களுக்குப் படிவம் அனுப்ப, கட்சிச் சாய்வுள்ளது என்று எங்கள் தரப்பு கேள்வி எழுப்பிய ஒரு தனியார் நிறுவனத்துக்கு 3,93,000 டாலர் பொதுப்பணத்தைக் கொடுத்தது. அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் வழக்குத் தொடுத்ததும் வாக்குரிமைப் பறிப்பு என்றீர்கள். அதே தொகைக்குக் குடியரசுக் கட்சி வசமுள்ள ஒரு புறநகர்க் கவுண்டி, துப்பாக்கி உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் படிவம் அனுப்பியிருந்தால் நீங்களே பாக்ஸ்டனுக்கு முன் நீதிமன்றத்தில் நின்றிருப்பீர்கள்.

#14 அறந்தாங்கியான்

பெக்சாரில் பதியாதவர்கள் எல்லாருக்கும் அனுப்பியது, துப்பாக்கி உரிமக்காரர்களுக்கு மட்டும் அனுப்புவது ஆகிய இரண்டும் ஒன்றல்ல, ஐயா. ஆனால் நிறுவனத்தின் கட்சிச் சாய்வைப் பற்றிய உங்கள் தரப்பின் கேள்வி நியாயமானது. ஸ்ப்ரௌலைப் பற்றி நாங்கள் கேட்டதும் அதுவே. சீட்டு விளையாட்டு நிறுவனத்தைப் பற்றி நான் சிரித்தவர்களில் ஒருவன். இப்போது படித்தால் அந்த அறிவிப்பின் சொற்கள் வெகு கவனமாகச் சட்டத்தின் விளிம்பில் நடப்பது தெரிகிறது, மஸ்கின் மனுவைப் போலவே.

இத்தகைய பதிவு வேலைகளை எடைபோடும் முறையைப் பற்றி ஒன்று மட்டும். யார் அமர்த்தினாலும், படிவக்கூலி இருந்ததா, இலக்கு இருந்ததா, சந்தேகப் படிவங்களைக் குறிப்பிட்டுக் கொடுத்தார்களா, எதிர்த்தரப்புப் படிவங்களும் அலுவலகம் வந்து சேர்ந்தனவா என்று கேட்டால் போதும். கடைசிக் கேள்வியே எனக்கு முதன்மையானது. மிக்கி மவுஸ் வாக்களிக்க வர மாட்டார். 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி அஞ்சலில் பதிந்த புதியவர் அடையாளம் காட்ட வேண்டும். ஆனால் நிரப்பிக் கொடுத்த படிவம் குப்பைக்குப் போய்விட்டால், ஓர் உண்மையான மனிதர் தேர்தல் நாளன்று வந்து திரும்பிப் போகிறார்.

#15 கொற்றவன்

கடைசி வரியை ஏற்கிறேன். இப்போது வைகைக்கரையான் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். #5இல் செங்காந்தள் அம்மாவைத் தேடச் சொன்ன நான், பிறகு நானே தேடினேன். இதே களத்தில் தாங்கள் 2012 அக்டோபரில் எழுதியது: "106 படிவங்கள் என்று எண்ணிக்கையைச் சுருக்கிப் பார்க்காதீர்கள், ஃபுளோரிடாவைத் திருடுவதற்கான ஒத்திகை இது." 2017 ஜூனில், இண்டியானாவில் பன்னிரண்டு பேர் மீது வழக்குப் பதிந்த வாரத்தில் எழுதியது: "ஏழைக் கூலிப் பணியாளர்கள் சிலர் செய்த சில்லறைத் தவறு." இரண்டையும் மேற்கோளாக மட்டும் வைக்கிறேன். 2008இல் ஏகார்னைப் பற்றி நான் எழுதியவற்றை யாரேனும் தேடி எடுத்து வைத்தால் மறுக்க மாட்டேன். இதைவிட மோசமாக இருக்கும்.

#16 வைகைக்கரையான்

இரண்டும் நான் எழுதியவைதாம். 2012 பதிவில் "திருடுவதற்கான ஒத்திகை" என்பதை நீக்கிவிட்டு "போலிப் படிவங்கள்" என்று போடலாம் என்று உள்ளே போய்ப் பார்த்தேன். பதினைந்து நாள் கடந்த பதிவுகளைத் திருத்தக் களம் அனுமதிக்கவில்லை. மட்டுறுத்துநர் அனுமதித்தால், இந்த இழையின் இணைப்பை மட்டும் அந்த இரண்டு பதிவுகளின் அடியிலும் சேர்த்துவிட விரும்புகிறேன்.